பெருந்தன்மை இல்லை, ஒப்பந்தம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், மனசு ஆறவில்லை.

"லிவோர்னோ யூதர்களுக்கு மெடிசி அரசர் காட்டிய பெருந்தன்மை." பேச்சாளர் சொன்ன இந்த ஒரு வரிக்கு அரங்கமே கை தட்டியது. லிவோர்னோ இத்தாலியின் ஒரு துறைமுக நகரம், மெடிசி அதையும் ஃபுளோரன்சையும் ஆண்ட குடும்பம். நான் எழுந்து, அது பெருந்தன்மை இல்லை, ஒப்பந்தம் என்றேன். "உங்களுக்கு எதையும் பாராட்டவே வராதா?" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

சரி, இங்கே சொல்கிறேன். 1571இல் ஃபுளோரன்சில் யூதர்களை கெட்டோவுக்குள், அதாவது அவர்களுக்கென ஒதுக்கி அடைத்த குடியிருப்புக்குள், அடைத்ததும் இதே மெடிசி குடும்பம்தான். அடைத்தவர் கோசிமோ. 1591இலும் 1593இலும் லிவோர்னோவுக்கு வாருங்கள் என்று சாசனம் எழுதி அழைத்தவர் அவருடைய மகன் ஃபெர்டினாண்டோ. இருபது வருடத்தில் குடும்பத்துக்கே மனசு இளகிவிட்டதா? புதுத் துறைமுகத்துக்குக் கடல் தாண்டிப் பழக்கமுள்ள வணிகர்கள் வேண்டியிருந்தது. ஃபுளோரன்ஸ் கெட்டோ அப்படியேதான் இருந்தது.

யூதர்களை உயிரோடு எரித்த காலத்தில் இதுவே பெரிதில்லையா என்பீர்கள். பெரிதுதான். லிவோர்னோவில் கெட்டோ இல்லை, யூதர் என்று காட்ட உடையில் அடையாளம் தைக்க வேண்டாம், வீடு வாங்கலாம். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றுகூட ஒரு ஷரத்து. அதை நிதானமாகப் படியுங்கள். எத்தனை தாய்மார் தூக்கமில்லாமல் கிடந்திருந்தால் இப்படி ஒரு வரி சாசனத்தில் ஏறியிருக்கும்! வெனிஸில் யூத வணிகர்களை அனுமதித்த 1589 சாசனத்துக்காக டேனியல் ரொட்ரிகா என்ற யூத வணிகர் வருடக்கணக்காக மனு மேல் மனு போட்டார். கை தட்டுவதென்றால் அவருக்குத் தட்டுங்கள்.

அப்புறம் அன்கோனா, போப்பின் ஆட்சியில் இருந்த இத்தாலியத் துறைமுகம். போப் எழுதிக்கொடுத்த பாதுகாப்பை நம்பித்தான் போர்ச்சுகலிலிருந்து தப்பிய யூதர்கள் அந்தத் துறைமுகத்தில் குடியேறினார்கள். பின்னால் வந்த போப் நான்காம் பால் அது செல்லாது என்றார். 1556இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கொடுத்தவர் மனசை நம்பி வாழ்வது என்றால் இதுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு நண்பர் கேட்டார். பதினோரு மாத வாடகை ஒப்பந்தங்களில் பதினான்கு வருடம் வளர்ந்தவன் நான். வருடா வருடம் அப்பா முத்திரைத்தாளோடு ஒரு கிலோ ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் இருந்த மாடிக்குப் போவார். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்காரருக்குப் பெரிய மனசு என்பார்கள். வாடகை வீட்டையும் அதையும் ஒப்பிடுவதா என்று கேட்காதீர்கள். எங்களை யாரும் எரிக்கவில்லை, தெரியும். ஆனால் காசு கொடுத்து இருந்த இடத்துக்கு நன்றியும் சொல்லிக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லிவோர்னோ சாசனம் 25 வருடத்துக்கு. நீட்டிக்க மனமில்லை என்றால் ஐந்து வருடம் முன்பே சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஒரு மாதம்கூடத் தரவில்லை. கடைசி நாள் காலையில் காலண்டரை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்ட அப்பா, மாடியேறிப் போய் வீட்டுக்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வந்தார்.