முதலில் ஒரு பெரிய பாடகர் குழுவைக் கேளுங்கள்

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, இந்நகரில் வாழும் தமிழ் நண்பர்கள் பலர், மேற்கத்திய செவ்விசையை நேரில் கேட்க எங்கிருந்து தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். ஆர்கெஸ்ட்ராவும் பெரிய பாடகர் குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் ஒரு படைப்பை, கோடையில் நடக்கும் ப்ராம்ஸ் செவ்விசை விழாவின்போது, ராயல் ஆல்பர்ட் அரங்கில் நின்றபடி கேளுங்கள் என்பதே என் விடை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரெக்வியெம்' கேட்ட நாளிலிருந்து இதில் எனக்கு மாற்றுக் கருத்து தோன்றியதில்லை.

எழுத்தாளர் மன்சோனியின் நினைவாக வெர்டி எழுதிய இந்த இரங்கல் இசை, 1874 மே 22 அன்று மிலான் நகரின் சான் மார்கோ தேவாலயத்தில் முதலில் நிகழ்ந்தது. மறு ஆண்டே லண்டனுக்கு வந்து, இதே ஆல்பர்ட் அரங்கில் வெர்டியே அதை நடத்தினார். நான்கு தனிக்குரல்கள், பெரிய பாடகர் குழு, முழு ஆர்கெஸ்ட்ரா, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பலரும் இதை அறிந்திருப்பது இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் 'தியெஸ் இரே' பகுதியின் ஆரவாரத்தால்தான். பேஸ் டிரம் என்னும் பெரிய முரசின் அடி வறண்டு, மிகப் பலமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக அதை இறுக்கிக் கட்டச் சொல்லி வெர்டி இசைப்படியிலேயே குறித்திருக்கிறார். அந்த அடி தாளத்தின் மேல் விழாமல் எதிர்த்தட்டில் விழுவதால், கேட்பவரின் உடம்பு ஒவ்வொரு முறையும் அதிர்ந்து போகிறது. அடுத்துவரும் 'தூபா மீரும்' பகுதியில், மேடையில் உள்ள டிரம்பெட்டுகளுக்குத் தொலைவில் நிறுத்தப்பட்ட டிரம்பெட்டுகள் மறுமொழி தருகின்றன. இத்தனை பெரிய வட்ட அரங்கில் அந்த முழக்கம் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்வதை எந்த ஒலிபெருக்கியாலும் தர இயலாது.

இருப்பினும், நான் நண்பர்களை அனுப்ப விரும்புவது இந்த முழக்கத்துக்காக அன்று. முழக்கம் சட்டென்று அறுந்ததும், அடிக்குரல் பாடகர் சாவைப் பற்றிய வரிகளைத் தொடங்கி, முடிவில் 'மோர்ஸ்' (சாவு) என்ற ஒரே சொல்லை விட்டு விட்டுச் சொல்கிறார். இடையிடையே பேஸ் டிரம் மிக மெதுவாகத் தட்டப்படுகிறது. ஐயாயிரம் பேர் நிறைந்த அரங்கு அப்போது மூச்சை அடக்கிக் கேட்கிறது. படைப்பின் தொடக்கமும் அப்படித்தான். செல்லோ என்னும் தாழ்சுர நரம்புக் கருவிகள் தனியே மெல்ல இறங்கி வர, இருநூறு பேர் அடங்கிய குரலில் முதற்சொல்லை உச்சரிக்கிறார்கள். நான்கு பேர் மெதுவாகப் பாடினால் அது நான்கு பேரின் குரலாகவே கேட்கும். இருநூறு பேர் மெதுவாகப் பாடும்போது ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கூடம் முழுவதும் பரவுகிறது. வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்பவர், தொடக்கம் காதில் விழவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்து, 'தியெஸ் இரே' வந்ததும் எழுந்தோடிக் குறைக்கிறார். ஒலிப்பதிவே போதும் என்று வாதிடுவோரிடம் நான் சொல்வது இதைத்தான்: இந்த இசையின் உயிர் அவ்விரண்டு அளவுகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் இருக்கிறது, நாம் அதைத்தான் கையால் அழித்துவிடுகிறோம்.

1871இல் திறக்கப்பட்ட இவ்வரங்கின் ஒலியமைப்பு குறையற்றதன்று. குவிமாடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி ஏறத்தாழ நூறாண்டுகள் தொல்லை தந்த பிறகே, 1969இல் கண்ணாடியிழைத் தட்டுகள் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டன. சிறிய படைப்புகளை இங்கே கேட்குமாறு நான் சொல்லமாட்டேன். அவற்றுக்கு லண்டனிலேயே விக்மோர் என்ற சிறிய அரங்கு இருக்கிறது. பெருங்குழு இசைக்கு மட்டும் இந்த விரிவு பொருந்துகிறது.

செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம். அரங்கைக் கட்டப் பணம் திரட்டுவதற்காக அன்று 999 ஆண்டு உரிமையோடு இருக்கைகள் விற்கப்பட்டன. அந்த உரிமைகள் இன்றும் கைமாறி வருகின்றன. அதே கட்டடத்தில், ப்ராம்ஸ் நாட்களில், மேடைக்கு நேர் முன்னே உள்ள தளத்தில் சில பவுண்டுகளுக்கு நின்று கேட்கலாம். 1895இல் குயின்ஸ் அரங்கில் தொடங்கிய இவ்விழா, 1941இல் அந்த அரங்கு குண்டுவீச்சில் அழிந்தபின் இங்கே வந்தது. எளியவர்களும் கேட்க வேண்டும் என்ற தொடக்க நோக்கம் அந்த நிற்கும் இடத்தில் இன்னும் காக்கப்படுகிறது. லத்தீன் வரிகளின் பொருளை மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டுச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். இத்தகைய மேடைகளில் பாடும் பெருங்குழுக்கள் பலவற்றின் உறுப்பினர்கள் ஊதியம் பெறுபவர்கள் அல்லர். பிபிசி சிம்பொனி கோரஸும், 1876 முதல் இவ்வரங்கில் பெரிய வெள்ளியன்று ஹாண்டெலின் 'மெசையா' என்ற பாடகர் குழுப் படைப்பைப் பாடிவரும் ராயல் கோரல் சொசைட்டியும் அத்தகையவையே. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருபவர்களின் குரலைத்தான் நாம் அங்கே கேட்கிறோம். வாரந்தோறும் பிள்ளைகளைக் கர்நாடக இசை வகுப்புக்கு அழைத்துச் செல்லும் நம் பெற்றோர், பலர் சேர்ந்து வெவ்வேறு சுரங்களில் பாடும் இந்தப் பயிற்சியையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். சுருதி சுத்தமாகப் பழகிய பிள்ளைகளுக்கு அது எட்டாத ஒன்றன்று. லண்டனின் பல பகுதிகளில் சிறுவர்களுக்கான பாடகர் குழுக்கள் இயங்குகின்றன.