மலையைத் திறப்பவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மதியம், கொலராடோவில் ஒரு மலைச்சரிவில் பனிச்சறுக்கும்போது விழுந்தேன். இடது முழங்கால் திருகிக்கொண்டது. எழுந்து நிற்க முடியவில்லை. பதினொரு வயது மகள், பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, எனக்கு மேல்பக்கமாகச் சறுக்குக்கட்டைகள் இரண்டையும் பெருக்கல் குறிபோலப் பனியில் நட்டு வைத்தாள். அதன் பிறகுதான் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

பத்து நிமிடத்துக்குள் சிவப்பு ஜாக்கெட்டில் வெள்ளைச் சிலுவை போட்ட ஒரு பெண் வந்து சேர்ந்தார். ஸ்கீ பேட்ரோல், அதாவது பனிச்சறுக்கு மலையின் பாதுகாப்பையும் மீட்பையும் பார்த்துக்கொள்பவர். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள என் பெயரையும் கிழமையையும் கேட்டார். காலுக்கு அட்டை வைத்துக் கட்டினார். பனியில் இழுத்துச்செல்லும் ஸ்லெட்டில் படுக்கவைத்துப் போர்வை சுற்றி, முன்னால் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே நின்று, நான் தைரியமாக இறங்கவே முடியாத செங்குத்தில் என் எண்பது கிலோ உடம்பை ஒரு குலுக்கல் இல்லாமல் கீழே கொண்டுவந்தார். வழியெல்லாம் என் மகளைத் தனக்குப் பின்னால் வரச்சொல்லி, பள்ளிக்கூடம் பற்றியும் வீட்டு நாய் பற்றியும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அடிவாரம் வந்தபோது அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

முதலுதவி அறையில் காத்திருந்த நேரத்தில் கொஞ்சம் பேசினோம். அது அவருக்கு ஒன்பதாவது சீசன். கோடையில் ஆற்றில் படகுப் பயணம் அழைத்துப்போகும் வேலை. குளிர்காலத்தில் வாரத்தில் மூன்று இரவு உணவகத்தில் பரிமாறும் வேலை. ஒரு வீட்டை ஆறு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அவருடைய ஒரு மணி நேரச் சம்பளம், அன்று காலை அதே மலையில் என் மகளுக்கு நான் வாங்கிக்கொடுத்த பர்கருக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் ஆன விலையைவிடக் குறைவு. புகாராகச் சொல்லவில்லை அவர். கேட்டேன், சொன்னார்.

அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் பார்க் சிட்டி வேலைநிறுத்தச் செய்திகளை ஒவ்வொரு நாளும் படித்தேன். இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் பலர் அதை "கிறிஸ்துமஸ் லீவைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற ஒரு வரியோடு கடந்துவிட்டார்கள். அது சரியில்லை. அதனால் இந்த நீளமான பதிவு.

நடந்தது இதுதான். 2024 டிசம்பர் 27 அன்று, யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் ஏறக்குறைய 200 ஸ்கீ பேட்ரோலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த வாரம்தான் அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகளுக்கு ஆண்டின் பெரிய வசூல் காலம். பார்க் சிட்டி 7,300 ஏக்கர் மலை, நாட்டின் மிகப் பெரிய தளங்களில் ஒன்று. 2014-ல் அதை 182.5 மில்லியன் டாலருக்கு வாங்கியது வெய்ல் ரிசார்ட்ஸ். மூன்று கண்டங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட மலைகளை வைத்திருக்கும், பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம். பேட்ரோலர்கள் முதன்மையாகக் கேட்டது, தொடக்கச் சம்பளத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக உயர்த்த வேண்டும் என்பது. வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு அதற்கேற்ற உயர்வும் கேட்டார்கள். பல மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் வெளியே வந்தார்கள். திடீரென்று கொடி பிடிக்கவில்லை.

மலையின் பெரும்பகுதி மூடியே கிடந்தது. மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட இருக்கைகளான லிஃப்டுகளில் திறந்திருந்த சிலவற்றில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சீசனில் பண்டிகை நாட்களுக்கான ஒரு நாள் டிக்கெட் விலை 300 டாலரைத் தாண்டியிருந்தது. அவ்வளவு கொடுத்து வரிசையில் நின்றவர்களே "உங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்" என்று நிறுவனத்தைப் பார்த்துக் கோஷம் போட்ட வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அதை நான் நாலைந்து முறை பார்த்திருப்பேன்.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 பேர், மணிக்கு 2 டாலர், வாரம் 40 மணி நேரம், 20 வாரச் சீசன் என்று வையுங்கள். 3,20,000 டாலர். பண்டிகைக்கால டிக்கெட்டுகளில் ஆயிரத்துச் சொச்சம். அதாவது, அந்த மலையில் ஒரே ஒரு நாள் வந்துபோகும் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. மூத்தவர்களுக்கான உயர்வையும் சேர்த்தால் தொகை கூடும், ஒரு மலையில் கொடுத்தால் மற்ற மலைகளிலும் கேட்பார்கள் என்பதும் உண்மை. நிர்வாகம் பயந்தது அந்தத் தொடர்ச்சிக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்குக் கொடுத்த விலை என்ன ஆனது? பங்கு விலை சரிந்தது, வழக்கு வந்தது, அந்த நாட்களில் வந்தவர்களுக்கு அடுத்த சீசன் பாஸில் 50 சதவீதம் வரை தள்ளுபடி தருவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஜனவரி 8 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானபோது தொடக்கச் சம்பளம் அதே 23 டாலர்தான். சராசரியாகப் பார்த்தால் மணிக்கு 4 டாலர் உயர்வு, நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அதைவிட அதிகம். இதை நவம்பரில் கொடுத்திருக்கலாமே!

"மலையில் சறுக்கிக்கொண்டு திரிவதற்கு 23 டாலரா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த வேலை என்னவென்று தெரியாமல் கேட்ட கேள்வி. தெரிந்தால் கேட்டிருக்க மாட்டார்.

இரவு முழுக்கப் பனி கொட்டினால், விடிவதற்கு முன்பே பேட்ரோலர்கள் மேலே போய்விடுகிறார்கள். சீசன் ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரை போல ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் புதுப்பனி பாரமாக ஏறும்போது மொத்தமும் தட்டாகப் பெயர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். அதுதான் பனிச்சரிவு. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எந்த முகட்டின் மறைவில் பனியைக் கொண்டுபோய்க் குவித்தது என்று பார்த்து, இருவர் இருவராகப் போய், கையால் வெடிகுண்டு எறிந்து, ஆள் வருவதற்கு முன் அந்தச் சரிவைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள். பிறகு கயிறு கட்டுவது, மூங்கில் கழி நடுவது, பாறை தெரியும் இடங்களில் எச்சரிக்கை வைப்பது. அவர்கள் "சரி" என்று சொன்ன பிறகுதான் அந்தப் பகுதிக்கு லிஃப்ட் ஓடும். அதற்குப் பின் நாள் முழுக்க என்னைப் போல விழுந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், மரத்தில் மோதிய பதினாறு வயதுப் பிள்ளைகள். 2023 ஜனவரி 2 அன்று இதே பார்க் சிட்டியில், மரம் ஒன்று லிஃப்ட் கம்பியின்மேல் விழுந்ததில், இருக்கையில் போய்க்கொண்டிருந்த ஒரு பேட்ரோலர் கீழே விழுந்து இறந்தே போனார்.

இந்த வேலையில் புத்தகத்தில் இல்லாத பகுதிதான் அதிகம். மேற்கிலிருந்து காற்று அடித்தால் இந்தப் பள்ளம் நிரம்பும், அந்த முகடு ஏமாற்றும், போன வருடம் இந்த மரத்துக்குக் கீழேதான் பிளந்தது என்பதெல்லாம் அதே மலையில் ஐந்து, பத்துக் குளிர்காலம் கழித்தவர்களுக்குத்தான் தெரியும். வேலைநிறுத்தத்தின்போது நிறுவனம் தன் மற்ற மலைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யானைக்குப் பாகனை ஒரே இரவில் மாற்றிவிட்டு, வழக்கம்போல ஊர்வலம் போகலாம் என்றால் யாராவது ஒப்புக்கொள்வோமா? மலையின் பெரும்பகுதி மூடிக் கிடந்ததே அதற்குப் பதில்.

சம்பளம் குறைவாக இருந்தால் மூன்றாவது, நான்காவது சீசனோடு இந்த அறிவு வேறு வேலை தேடிப் போய்விடுகிறது. ஆள் பற்றாக்குறை என்று எல்லோரும் தலைகளை எண்ணுகிறார்கள். தலை கணக்கில் சரியாக இருக்கும்போதே மலையைத் தெரிந்தவர்கள் இல்லாமல் போகலாம். எனக்கு அந்தப் பற்றாக்குறைதான் பயம் தருகிறது. அடுத்தமுறை என் மகள் விழுந்தால் ஸ்லெட்டைப் பிடித்துக்கொண்டு வருபவர் ஒன்பதாவது சீசன்காரரா, முதல் சீசன்காரரா என்பது எனக்கு முக்கியம்.

பார்க் சிட்டிக்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்தது. 2021-22 குளிர்காலம், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலை. சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்குப் பழக்கமான இடம். 2018-ல் அதையும் வெய்ல் வாங்கியது. அந்த வருடம் பனி தாராளமாக விழுந்தது. இயக்கத்தான் ஆள் இல்லை. லிஃப்டுகள் நின்றன, மலையின் பின்பக்கம் முழுவதும் வாரக்கணக்கில் மூடியிருந்தது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்ட இணைய மனுவில் 40,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரியில் புதிய பொது மேலாளரை அனுப்பினார்கள்.

கொரோனாதான் காரணம் என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஓமிக்ரான் அலை அதே நேரத்தில்தான் வந்தது. பெரு, அர்ஜென்டினா போன்ற நாடுகளின் கல்லூரி மாணவர்கள், அங்கே கோடை விடுமுறை விடும் மாதங்களில் ஜே-1 என்ற தற்காலிகப் பரிமாற்ற விசாவில் வந்து இங்கே லிஃப்ட் ஓட்டுவார்கள். 2020-ல் நிறுத்தப்பட்ட அந்த விசா வழி முழுதாகச் சீராகியிருக்கவில்லை. ஆனால் அதே 2021-ல் நிறுவனம் செய்த இன்னொரு காரியத்தையும் பார்க்க வேண்டும். தன் மலைகளில் சீசன் முழுக்கச் சறுக்க முன்கூட்டியே விற்கும் எபிக் பாஸின் விலையை 20 சதவீதம் குறைத்தது. 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் விற்றன. கூட்டத்தைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கூட்டத்தைத் தாங்கும் ஆட்களையும் முன்கூட்டியே சேர்க்க வேண்டும் என்று தெரியாதா?

என் பார்வையில் பிரச்சினையின் வேர் அந்தப் பாஸில் இருக்கிறது. 2008-ல் எபிக் பாஸ் வந்தபோது அது நல்ல யோசனைதான். எங்களைப் போன்ற குடும்பங்கள் வருடத்தில் பத்து நாள் மலைக்குப் போக முடிந்தது அதனால்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. பனி குறைந்த வருடங்களில் நிறுவனம் தடுமாறாமல் இருக்கவும் அது உதவியது. ஆனால் பணம் முழுவதும் பனி விழுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. முன்பு லிஃப்ட் ஓடவில்லை என்றால் அன்று மாலையே கல்லாவில் தெரியும். மேலாளர் மறுநாள் காலையில் ஓடோடி ஆள் தேடியாக வேண்டும். இப்போது டிசம்பரில் மலை பாதி மூடிக் கிடந்தாலும் செப்டம்பரிலேயே வாங்கிய பணம் வங்கியில் இருக்கிறது. வாக்குறுதியை விற்றாகிவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டிய ஆட்களுக்கு என்ன கொடுக்கலாம் என்ற பேச்சு மட்டும் பாக்கி.

நிறுவனத்தால் முடியாது என்றும் சொல்ல முடியாது. ஸ்டீவன்ஸ் பாஸ் அவமானத்துக்குப் பிறகு, 2022 மார்ச்சில், அமெரிக்க ஊழியர்களுக்கு அடுத்த சீசன் முதல் குறைந்தபட்சம் மணிக்கு 20 டாலர் என்று அறிவித்தார்கள். நல்ல முடிவு. ஒவ்வொரு முறையும் ஏதாவது உடைந்த பிறகுதான் வருகிறது என்பதே என் ஆதங்கம்.

வீட்டு வாடகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இந்த மலையூர்களில் வீடுகள் பல மில்லியன் டாலர். பாதி வீடுகள் வருடத்தில் சில வாரம் வந்துபோகிறவர்களுக்குச் சொந்தம், மற்றவற்றில் பல விடுமுறை வாடகைக்குப் போய்விடுகின்றன. கொலராடோவில் இருக்கும் வெய்ல் என்ற ஊரின் கிழக்கே பூத் ஹைட்ஸ் என்ற இடத்தில், 165 ஊழியர்கள் தங்கும் குடியிருப்பைக் கட்ட நிறுவனமே திட்டம் போட்டது. அது காட்டு ஆடுகளின் குளிர்கால மேய்ச்சல் நிலம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2022-ல் நகராட்சி அந்த நிலத்தையே கையகப்படுத்த வாக்களித்தது. ஆடுகளுக்காகக் கவலைப்பட்டவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பள்ளத்தாக்கில் கோடீஸ்வர வீடுகள் எழுந்தபோது இந்த அளவுக்குக் குரல் எழவில்லையே என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. காலை ஐந்து மணிக்குப் பனிப்புயலில் வெடிகுண்டு எறியப் போகிறவர், அதற்கு முன் ஒரு மணி நேரம் அதே பனிப்புயலில் கார் ஓட்டி வரவேண்டியிருக்கிறது.

"இது பணக்காரர்களின் விளையாட்டு, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு: விளையாடுபவர் பணக்காரராக இருக்கலாம். ஸ்லெட் இழுப்பவர், இரவில் பனி சமன்படுத்தும் வண்டி ஓட்டுபவர், கைவிரல் விறைக்க லிஃப்ட் சக்கரத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர், பெருவிலிருந்து விமானச் செலவுக்குக் கடன் வாங்கி வந்த மாணவர், இவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை.

"ஏன் சரியாகப் பண்டிகை வாரத்தில்?" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் பனி உருகிய பிறகு வேலைநிறுத்தம் செய்தால் யாருக்குத் தெரியும்? லீவு கெட்டுப்போன குடும்பங்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. வருடம் முழுக்கச் சேர்த்துவைத்துப் போயிருப்பார்கள். அந்தக் கோபம் நியாயம்; அது போய்ச் சேர வேண்டிய முகவரி மறியலில் நின்றவர்கள் இல்லை.

கொலராடோவின் கீஸ்டோன் மலையில், அதுவும் வெய்ல் நிறுவனத்தின் மலைதான், 2021-ல் பேட்ரோலர்கள் சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது ஒரே ஒரு வாக்கில் தோற்றது. 2024-ல் மறுபடி வாக்கெடுத்தார்கள், வென்றது. அந்த மூன்று குளிர்காலத்தில் மனம் மாறியவர்கள் என்னவெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த முறை பாஸ் எடுப்பதா என்று பேசினோம். மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அவளும் பேச்சில் உட்கார்ந்தாள். வருடம் பத்து நாள் வேண்டாம், நான்கு நாள் போதும், லவ்லேண்ட் மாதிரி எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத மலைக்கு ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுத்துப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அங்கே சம்பளம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று போனவுடன் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.