தினே மக்களின் மேற்கு மலையும் ஒரு தீர்ப்பும்

அமெரிக்காவில் மதச் சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு வடக்கே நிற்கும் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள் நினைவுக்கு வரும். 3,850 மீட்டர் உயரம். அந்த மாநிலத்திலேயே உயர்ந்த இடம். தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்ளும் நவாஹோ மக்களுக்கு அது மேற்குத் திசையின் புனித மலை. அதன் சரிவில் 2012 டிசம்பரிலிருந்து, ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, அதைச் செயற்கைப் பனியாக்கிக் கொட்டுகிறார்கள். பனிச்சறுக்கு விளையாடுவதற்காக. தடுக்கச் சொல்லி தினே மக்களும் ஹோபி உள்ளிட்ட மற்றப் பழங்குடிகளும் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று சொல்வதற்கு அவர்களுடைய மதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கழுகுப் படத்துக்குக் கீழே இரண்டு வரி பொன்மொழி போட்டு "பூர்வகுடிகளின் இயற்கை வழிபாடு" என்று பகிர்கிறோமே, அது இந்த மதத்தின் ஓரத்தைக்கூடத் தொடுவதில்லை.

தினே மக்களின் படைப்புக் கதையில், கீழே இருந்த உலகங்களிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்தவர்கள் இந்த உலகத்தை வந்தடைகிறார்கள். கீழிருந்து கொண்டுவந்த மண்ணால் நான்கு திசைகளிலும் மலைகள் நிறுத்தப்படுகின்றன. கிழக்கே கொலராடோவின் பிளாங்கா சிகரம், அதற்கு வெள்ளைச் சங்கு. தெற்கே நியூ மெக்சிகோவின் டெய்லர் மலை, அதற்கு டர்க்காய்ஸ் கல். மேற்கே நான் சொன்ன மலை, அதற்கு மஞ்சள் ஒளி விடும் கடற்சிப்பி. வடக்கே கொலராடோவின் ஹெஸ்பரஸ் சிகரம், அதற்குக் கறுப்பு ஜெட் கல். இந்த நான்கு மலைகளுக்கு நடுவில் வாழ வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஹோகன் என்ற வீட்டின் வாசல் கிழக்கு பார்த்து இருக்கும். பெண் பருவமெய்தும்போது நடக்கும் கினால்தா சடங்கில் அந்தப் பெண் விடியலில் கிழக்கு நோக்கி ஓடுவாள். கடைசி இரவில் மண்ணில் குழி தோண்டிப் பெரிய சோளமாவு அப்பம் ஒன்றைச் சுட்டெடுப்பார்கள்.

சடங்குகளை நடத்துபவர் ஹத்தாலி. அவர் அடிப்படையில் ஒரு பாடகர். நோயாளிக்கு என்ன குலைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எந்தச் சடங்கு என்று முடிவாகும். இரவுச் சடங்கு என்றால் ஒன்பது இரவுகள், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். பாடல்களை வரிசை தப்பாமல் மனப்பாடமாகப் பாட வேண்டும். ஒரே ஒரு பெரிய சடங்கைக் கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் பிடிக்கும். தரையில் வண்ண மணலால் தெய்வ உருவங்களை வரைந்து, நோயாளியை அதன்மேல் உட்காரவைத்து, அந்த மணலையே அவர் உடம்பில் ஒற்றுவார்கள். வேலை முடிந்ததும் ஓவியத்தைக் கலைத்துவிடுவார்கள். கடைகளில் சட்டகம் போட்டு விற்கும் மணல் ஓவியங்களில் வேண்டுமென்றே ஏதாவது மாற்றியிருப்பார்கள், உண்மையான உருவம் அப்படி நிலைத்துவிடக் கூடாது என்பதற்காக.

ஹத்தாலியிடம் இருக்கும் மிக முக்கியமான பொருள்களில் ஒன்று, அந்த நான்கு மலைகளிலிருந்தும் எடுத்து வந்த மண்ணைக் கட்டி வைத்திருக்கும் தோல் பொதி. தினே வாழ்வின் அச்சாணியான ஆசிச் சடங்கு அந்த மண் இல்லாமல் நடக்காது. மூலிகைகளும் அந்த மலைகளிலிருந்தே வருகின்றன. ஆக மலை என்பது தூரத்திலிருந்து கும்பிடும் இடம் மட்டும் இல்லை. வீட்டுக்குள் வருகிறது, உடம்பில் படுகிறது.

இதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்லும் கதையா என்று சந்தேகப்படுபவர்கள் 1868-ஐப் பார்க்கலாம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, அமெரிக்க ராணுவம் அவர்களுடைய சோளக்கொல்லைகளையும் பழமரங்களையும் அழித்து, பட்டினி போட்டுப் பிடித்து, நியூ மெக்சிகோவின் கிழக்கே இருந்த போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடைபட்டார்கள். 2,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்த ஜெனரல் ஷெர்மனிடம் தினே தலைவர் பார்போன்சீத்தோ வைத்த வாதம் என்ன தெரியுமா? எங்களைப் படைத்தபோதே நான்கு மலைகளையும் நான்கு ஆறுகளையும் காட்டி, அதற்குள் வாழச் சொன்னார்கள். அதைத் தாண்டி வந்ததால்தான் இத்தனை சாவு என்றார். ஓக்லஹோமாப் பக்கம் அனுப்பலாம் என்ற யோசனையை மறுத்துவிட்டார். அந்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஊர் திரும்பினார்கள். அந்தப் பிராந்தியத்தில் இத்தனை பெரிய பழங்குடி தன் சொந்த மண்ணுக்கே திரும்பி வந்ததற்கு அந்த நம்பிக்கை ஒரு பெரிய காரணம். ஆனால் நான்கு மலைகளும் ஒப்பந்த எல்லைக்கு வெளியே போய்விட்டன. இன்றைக்கும் வெளியேதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறந்தவர்களோடு தொடர்பு பட்ட எதையும் தினே மரபு கவனமாக ஒதுக்கி வைக்கும். ஹோகனுக்குள் ஒருவர் இறந்துவிட்டால் வடக்குச் சுவரை உடைத்து உடலை வெளியே எடுத்து, வீட்டையே கைவிடுவது பழைய வழக்கம். போருக்குப் போய் வந்தவர்கள் மேல் அந்தச் சாவின் தீட்டு ஒட்டியிருக்கும் என்பதால் அதை நீக்க எதிரிச் சடங்கு என்று தனியாகவே ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் நவாஹோ மொழியில் ரகசியக் குறியீடு அமைத்து, பசிபிக் தீவுகளில் பிணங்களுக்கு நடுவே ரேடியோ சுமந்து பேசிய வீரர்களில் பலர் ஊர் திரும்பியதும் இந்தச் சடங்கைத்தான் செய்துகொண்டார்கள். 1942-இல் 29 பேரோடு தொடங்கிய அந்தப் படையின் ரகசியம் 1968 வரை வெளியே சொல்லப்படவில்லை.

இப்போது சாக்கடைத் தண்ணீருக்கு வருவோம். நகரத்துச் சாக்கடை என்றால் மருத்துவமனைக் கழிவு, பிணவறைக் கழிவு எல்லாம் சேர்ந்ததுதான். எத்தனை முறை வடிகட்டினாலும் அது சாவைத் தொட்ட தண்ணீர், அதை மலைமேல் கொட்டினால் அங்கிருந்து எடுக்கும் மண்ணும் மூலிகையும் சடங்குக்கு ஆகாது என்று அவர்கள் தரப்பில் சாட்சி சொன்னார்கள். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை ஏற்றது. 2008-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 8-க்கு 3 என்று அதைத் திருப்பிப்போட்டது. செடி, ஊற்று, வழிபாட்டு இடம் எதற்கும் பௌதிகச் சேதம் இல்லை, மலைக்குப் போக யாரையும் தடுக்கவில்லை, பாதிப்பு என்பது அவர்களுடைய அகவயமான ஆன்மிக அனுபவத்தில் மட்டும்தான், ஆகவே 1993 மதச் சுதந்திரச் சட்டம் சொல்லும் கணிசமான சுமை இதில் இல்லை என்பது பெரும்பான்மையின் முடிவு. 2009-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

பனிச்சறுக்கு மைதானம் மலையில் ஏறத்தாழ 1 சதவீதம்தானே என்ற வாதமும் வந்தது. கருவறையில் ஒரு மூலையில் மட்டும்தான் கழிவுநீர் தெளித்தோம், மீதி இடம் காய்ந்துதானே கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

எந்த மதத்திலும் தீட்டு என்பதை ஆய்வகத்தில் அளக்க முடியாது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும் சேதம் சேதமே இல்லை என்றால், மதச் சுதந்திரச் சட்டம் எதைக் காப்பாற்றுவதற்கு? கட்டடமும் பத்திரமும் உள்ள மதங்களுக்கு இந்தச் சிக்கல் வராது, அவற்றுக்குச் சொத்துரிமையே காவல். நிலத்தையே கோயிலாகக் கொண்டவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி, அதை அரசு நிலம் என்று எழுதிக்கொண்டு, பிறகு "அரசு தன் நிலத்தில் செய்வதை உன் நம்பிக்கை தடுக்க முடியாது" என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு கேள்வி நியாயமானது. பொது நிலத்தில் ஒவ்வொருவரும் தன் நம்பிக்கையைச் சொல்லித் தடை கேட்டால் அரசு எப்படி நடக்கும்? அப்படிக் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் தடை கொடுக்க வேண்டியதில்லை. சுமை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதைத் தாண்டிச் செய்யும் அளவுக்கு அவசியம் என்ன என்று அரசிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்திலேயே அந்த இரண்டாம் படி இருக்கிறது. பனிச்சறுக்கு அந்த அவசியத்தில் சேருமா என்ற கேள்விக்கே பெரும்பான்மை போகவில்லை. அதுதான் என் கோபம்.

தினே மக்கள் புனிதமாகக் கருதும் நிலாவின் விவகாரத்திலும் இதே கதைதான். 1998-இல் புவியியலாளர் யூஜீன் ஷூமேக்கரின் அஸ்தியில் கொஞ்சத்தை நாசாவின் விண்கலம் நிலாவுக்குக் கொண்டுபோனது. தினே மக்களின் தலைவர் ஆல்பர்ட் ஹேல் எதிர்ப்புத் தெரிவித்தார், நாசா மன்னிப்புக் கேட்டு இனிமேல் கலந்து பேசுவோம் என்றது. 2024 ஜனவரியில் தனியார் நிறுவனத்தின் பெரெக்ரின் கலம் மறுபடியும் மனித அஸ்தியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. தலைவர் பூ நைக்ரன் முன்கூட்டியே கடிதம் எழுதியும் பயன் இல்லை. தனியார் கலத்தில் ஏற்றும் பொருள்களில் நாங்கள் தலையிட முடியாது என்றது நாசா. எரிபொருள் கசிந்து அந்தக் கலம் நிலாவை எட்டாமலே போனது வேறு விஷயம். நிலா என்ன அவர்கள் சொத்தா என்று அப்போது பலர் கேட்டார்கள். சொத்து என்று நைக்ரன் சொல்லவே இல்லை. கொடுத்த வாக்குப்படி எங்களிடம் பேசுங்கள் என்றுதான் கேட்டார்.

2008 வழக்கில் நீதிபதி வில்லியம் ஃபிளெட்சர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. நேரம் இருப்பவர்கள் அதை முழுதாகப் படியுங்கள். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வந்தால் இங்கேயே பேசலாம்.