எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்காதீர்கள்

உடற்பயிற்சி தொடங்கிய யாரைப் பார்த்தாலும் நம் சேலத்தில் முதலில் வருகிற கேள்வி இதுதான். கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நன்றாக நடந்துகொண்டிருந்த பலரை மறுபடி வீட்டில் உட்கார வைத்தது இந்தக் கேள்விதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூக்கனேரிக் கரையில் எங்களோடு காலையில் நடக்கும் அக்கா ஒருவர், பல மாதம் விடாமல் வந்தவர், திடீரென்று நின்றுவிட்டார். வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எதற்குக் கண்ணு நடக்க வேண்டும்? முள் அசைய மாட்டேன் என்கிறதே" என்றார். பேசிக்கொண்டே ஒரு ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. புதுத் தையல் அதிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே ஓடியது. எட்டுக்கு மேல் இருந்த அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) ஏழுக்குப் பக்கம் இறங்கியிருந்தது. இரண்டும் கண்ணெதிரே இருக்க, அவர் அழுதது எடை மெஷினுக்காக. எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த மெஷின் கொழுப்பை மட்டுமா நிறுக்கிறது? தசை, எலும்பு, சாப்பிட்ட சோறு, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நிறுக்கிறது. தசையில் சேமிப்பாகும் ஒரு கிராம் சர்க்கரையோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது. புதிதாகப் பயிற்சி செய்து வலிக்கும் தசையும் நீர் கோத்துக்கொள்ளும். இரவு தட்டுவடை செட்டும் ஊறுகாயும் சாப்பிட்டால், அந்த உப்புக்கே காலையில் முள் ஏறி நிற்கும். பெண்களுக்கு மாதவிடாய் நெருங்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரு மணி நேர நடையில் செலவாவது பெரும்பாலோருக்கு இருநூறு, முந்நூறுதான். எடை குறைந்தே ஆக வேண்டியவர்கள் தட்டில் விழும் சோற்றின் அளவைப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை முழுக்க நடையின் தலையில் கட்டுவது அநியாயம்.

நடையின் வேலை வேறு. இயங்குகிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது, தூக்கம் சீராகிறது, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு கரைகிறது. எடை மாறாமலேகூட இவ்வளவும் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அதோடு இத்தனை கிலோ குறைய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. அளந்துதான் ஆக வேண்டுமென்றால் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பார்கள் மருத்துவர்கள்.

எனக்கு அதைவிட நம்பகமான அளவு குமரகிரி படிக்கட்டு. முதலில் எந்தப் படியில் மூச்சு வாங்கி நின்றோம், இப்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை உடம்பே சொல்லிவிடும். முருகனைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை எண்ணிப் பாருங்கள். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். எண் ஏறவில்லை என்று ரியோவோடு ஒதுங்கியிருந்தால் பின்னால் வந்த இரண்டு பதக்கமும் இல்லை. அவ்வளவு பெரிய வீரரே எண்ணைப் பார்த்து மைதானத்தை விடவில்லை. நாம் ஏன் அரைக் கிலோவுக்காக ஏரிக்கரையை விட வேண்டும்?

கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, இரவு தூக்கம் வருகிறதா, மாடி ஏற முடிகிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

முள் நகரவில்லை என்று நிறுத்திவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கன்னங்குறிச்சிப் பக்கக் கரைக்கு வாருங்கள். அக்காவும் இப்போது வருகிறார். மெதுவாகத்தான் நடப்போம், சேர்ந்து நடப்போம்.