கொழுக்கட்டைப் புல் வந்தேறி அல்ல
"கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல் வெளிநாட்டு ஆக்கிரமிப்புப் புல், உழுது அழித்துவிட்டு மரம் நடுங்கள்" என்று எழுதிய தம்பிக்கு: கொறங்காடு என்பது நம்ம கொங்குப் பக்கம் உயிர்வேலி போட்டு மாடு மேய்க்கும் நிலம். நீங்கள் படித்தது ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவின் அரிசோனா பாலையையும் பற்றிய செய்தி. அங்கே இந்தப் புல்லை மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுபோய் விதைத்தார்கள். அது பரவி, தீப்பிடித்து, உள்ளூர்ச் செடிகளை அழிக்கிறது, உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை அதற்குச் சொந்த மண். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களுக்கு அடியில் நிற்பது நம்ம புல். வறட்சியில் வைக்கோலாகக் காய்ந்து கிடக்கும், ஒரு மழை பெய்தால் அடித்தூரில் பச்சை துளிர்க்கும். காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்ததே இதில்தான்.

அப்புறம், கொறங்காட்டைப் பற்றி "அங்கே ஒரு உயிரும் இல்லை" என்கிறீர்கள். விடியற்காலையில் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கவுதாரி விடாமல் கத்தும். புல் தூருக்கடியில் குழி பறித்து அது முட்டையிடும், கிட்டப் போகும்வரை அசையாது. காலடியில் படபடவென்று எழும்போது நமக்குத்தான் தூக்கிவாரிப்போடும். காடை, முயல், கீரி, உடும்பு எல்லாம் உண்டு. ஆள்காட்டிக் குருவி வெறும் மண்ணிலேயே முட்டை வைக்கும், கல்லோடு கல்லாக இருக்கும். டிராக்டர் விட்டு உழுதால் முதலில் நசுங்குவது அந்த முட்டைதான்.

மரம் நடத்தான் வேண்டுமென்றால் சாலையோரம் நடுங்கள். கொறங்காட்டை விட்டுவிடுங்கள்.