படகு வாங்கும் முன் ஒரு பென்சில் வாங்குங்கள்

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் ஒருவர் படகு வாங்கப்போவதாகச் சொன்னார். 24 அடி, பழைய பாய்மரப் படகு, விலை படிந்துவிட்டதாம். "வகுப்பு ஏதாவது போனீங்களா?" என்று கேட்டேன். "எதுக்குங்க? எல்லாம்தான் போன்லயே வந்துருச்சே" என்றார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் அங்கே வாதாடவில்லை. இங்கே வாதாடுகிறேன்.

நான் கரூர்க்காரன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் காவிரி, அதுவும் மேட்டூரில் திறந்துவிட்டால்தான். கடலோடு எனக்கிருந்த மொத்தப் பழக்கமும் மெரினாவில் முழங்கால் வரை நனைத்ததுதான். பிழைப்பு கொண்டுவந்து சேர்த்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தென்கரை. பஸர்ட்ஸ் பே என்ற வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் ஊரே படகில் பாய் விரித்துப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

முதலில் காசு கட்டி இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். பாய் ஏற்றவும் இறக்கவும் காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து போகவும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், சான்றிதழும் தந்தார்கள். ஆனால் துறைமுகத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற கட்டிஹங்க் தீவுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், "அது அடுத்த கோர்ஸ்" என்று கட்டண அட்டையை நீட்டினார்கள்.

அப்புறம்தான் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகள் பற்றித் தெரிந்தது. இந்த நாட்டில் இது பழைய வழக்கம். பவர் ஸ்குவாட்ரன்ஸ் என்று 1914-ல் தொடங்கிய அமைப்பு இப்போது அமெரிக்காஸ் போட்டிங் கிளப் என்ற பெயரில் இயங்குகிறது. கடலோரக் காவல்படையின் துணைப்படையான ஆக்ஸிலரி 1939-ல் தொடங்கியது. இரண்டிலும் பாடம் எடுப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. நான் படித்தது இவற்றில் ஒன்றின் உள்ளூர்க் கிளையிலா, வேறெங்காவதா என்று கேட்காதீர்கள், கொஞ்சம் கிண்டல் செய்யப்போகிறேன்.

நூலகத்தின் அடித்தளம். எட்டு செவ்வாய்க்கிழமைகள். மாணவர்கள் ஐந்து பேர், நான்கு பேர் என்றால் வகுப்பே ரத்தாகியிருக்கும். ஆசிரியர்கள் மூவருக்கும் எழுபதுக்கு மேல். திரையில் ஓடிய படங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. ஒரு செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் ஒருவர் தன் படகு எஞ்சினின் நோய் வரலாற்றையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டியது புத்தகத்துக்கும் வரைபடத்துக்குமான காசு மட்டும்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அந்த வரைபடம்! 1210டிஆர் என்று எண்ணிட்ட பயிற்சி வரைபடம். மார்த்தாஸ் வைன்யார்ட் தீவிலிருந்து பிளாக் ஐலண்டு தீவு வரைக்குமான கடல், ஒன்றுக்கு 80,000 அளவில். இந்த நாட்டில் கடலையே பார்க்காத ஊர்களில்கூட இதை விரித்துத்தான் வழி போடப் பழகியிருக்கிறார்கள். எங்களுக்கு அது வாசலில் கிடக்கும் தண்ணீர். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் எதற்கென்றே தெரியாமல் கிடந்த டிவைடருக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் எனக்கு வேலை கிடைத்தது. வரைபடத்தின் பக்கவாட்டு ஓரத்தில் அட்சரேகையின் ஒரு நிமிடத்தை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கை அளந்தால் அது ஒரு கடல் மைல். அப்படியே டிவைடரை நடக்கவிட்டுத் தூரம் எடுக்க வேண்டியதுதான்.

முதல் வீட்டுப்பாடம், படனாரம் துறையிலிருந்து கட்டிஹங்க். சுமார் 10 கடல் மைல். 5 நாட் வேகம், அதாவது மணிக்கு 5 கடல் மைல் என்றால் இரண்டு மணி நேரம். கோடு போட்டேன், திசை 170 பாகை. இது உண்மை வடக்கை வைத்து எடுத்தது. படகின் திசைகாட்டியோ காந்த வடக்கைக் காட்டும். எங்கள் பக்கம் காந்த வடக்கு உண்மை வடக்குக்குச் சுமார் 15 பாகை மேற்கே. கூட்டி 185 என்று எழுதியிருக்க வேண்டும். நான் கழித்து 155 என்று எழுதிவிட்டேன்.

ஆசிரியர் தவறு என்று சொல்லவில்லை. கோட்டின் திசை மாறாமல் நகர்த்த உதவும் இணைகோலை என் கையில் கொடுத்து, "சரி, உன் எண்ணை வைத்தே போய்ப் பார்" என்றார். போனேன். பென்சில் முனை கட்டிஹங்குக்கு 5 மைல் கிழக்கே, ராபின்சன்ஸ் ஹோல் என்ற பாறையும் நீரோட்டமும் நிறைந்த சந்தில் போய் நின்றது. எதுவும் பேசாமல் அழிரப்பரை என் பக்கம் தள்ளினார். மேற்கு என்றால் கூட்டு என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் நினைவுச்சொல் "ஆட் விஸ்கி". ஆட் என்றால் கூட்டு, விஸ்கியின் முதலெழுத்து வெஸ்ட்டுக்கு. சபையில் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனால் மறக்காது.

போனில் இதெல்லாம் தானாக நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. நானும் ஜிபிஎஸ் வைத்துத்தான் ஓட்டுகிறேன், சாமியார் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். 2014 நவம்பர் 29 அன்று, வால்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் கேப் டவுனிலிருந்து அபுதாபி போய்க்கொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் மோதியது. ஓட்டியவர்கள் உலகத் தரத் தொழில்முறை மாலுமிகள். திட்டு மின்னணு வரைபடத்தில் இருக்கத்தான் செய்தது, பெரிதாக்கிப் பார்த்தால். சுருக்கிப் பார்த்த அளவில் அது பாறை என்று தெரியவில்லை. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். கோடு முழுவதையும் விரலால் தடவி, அடியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்க்கிற பழக்கம் செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் வருகிறது. கட்டிஹங்கின் தென்மேற்கு முனையில் 'பன்றியும் குட்டிகளும்' என்று ஒரு பாறைத் தொடர், கொஞ்சம் தள்ளிக் 'கோழியும் குஞ்சுகளும்'. தாளில் அவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டவனுக்கு அவை மறக்காது.

தாளும் தெய்வம் இல்லை, அதையும் அவர்களே சொன்னார்கள். 1992 ஆகஸ்டில் க்யூஇ2 என்ற பெரும் பயணிகள் கப்பல் இதே கட்டிஹங்குக்குத் தெற்கே, வரைபடத்தில் இல்லாத பாறையில் இடித்தது. அங்கே ஆழம் அளந்தது 1939-ல்.

எனக்கு மிகவும் பயன்பட்டது காற்றும் ஓதமும், அதாவது கடல்நீர் ஏறுவதும் வடிவதும், பற்றிய வகுப்புதான். பஸர்ட்ஸ் பேயில் கோடைப் பிற்பகல் ஆனால் தென்மேற்குக் காற்று எழும். வடிகிற தண்ணீரும் அதே தென்மேற்கு வாயில் வழியாகத்தான் வெளியே ஓடும். காற்று உள்ளே தள்ள, தண்ணீர் வெளியே இழுக்க, ஆழமும் அதிகமில்லாத வளைகுடாவில் அலை குட்டையாக, செங்குத்தாக, விட்டு விட்டு இல்லாமல் அடுத்தடுத்து வரும். வானிலை அறிக்கையில் காற்றின் எண் சாதாரணமாகத்தான் இருக்கும். ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சங்கதி தெரியும். சென்ற ஜூலையில் ஒரு நாள், வடிதல் தொடங்கி ஒரு மணி நேரத்தில், படகின் முன்பக்கமான அணியம் ஒவ்வொரு அலையிலும் பொத்தென்று விழ, சாப்பாட்டுக் கூடையில் இருந்த புளியோதரை முழுக்கத் தரையில். வகுப்பில் சொன்னது இதுதான் என்று புரிந்து, பாயைச் சுருக்கித் திரும்பிவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. புளியோதரைக்காக.

தன்னார்வலர்களிடம் படிப்பதில் இன்னொரு வசதி உண்டு. அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை. எனவே "இந்தப் படகை வாங்காதே", "இந்த வருடம் தீவுக்குப் போகாதே" என்றெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வார்கள். என்னிடம் இரண்டையும் சொன்னார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அடித்தளத்தில் உட்கார்ந்து படகைத் துறை மேடையில் கொண்டுவந்து கட்டப் பழக முடியாது. முதல் முறை நான் கட்டப்போனது பக்கத்துப் படகுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிற கதை. அதற்கு ஒரு ஆசிரியர் இரண்டு சனிக்கிழமை கூட வந்து, "நியூட்ரல், நியூட்ரல்" என்று கத்திக் கத்தித்தான் வழிக்கு வந்தேன். வகுப்பை முடித்துவிட்டு நேரே கடலுக்குப் போகலாம் என்று நினைத்தால் அது காசு கட்டிய சான்றிதழைவிட ஆபத்து.

ஊரிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. இந்தியத் துறைமுகங்களில் உள்ளே நுழையும்போது வழிகாட்டும் சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். இங்கே வலப்பக்கம். உலகம் இப்படி இரண்டு பிரிவாகக் கிடக்கிறது. 'கட்டுமரம் எங்கள் சொல்' என்ற பெருமையோடு வகுப்புக்குப் போன நான் முதல் தேர்வில் கோட்டைவிட்ட கேள்வி இதுதான்.

நண்பருக்கு இன்று காலை வகுப்புத் தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்திருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. வருவதானால் என்னிடம்தான் படிக்க வேண்டியிருக்கும். ஆள் போதவில்லை என்று இந்தக் குளிர்காலத்தில் திசைகாட்டி வகுப்பை என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டேன். கூட்டுவதா கழிப்பதா என்று இன்றைக்கும் தாள் ஓரத்தில் விஸ்கி என்று எழுதிவைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறேன்.