சிலம்பை உடைத்த இடத்தில் தொடங்கலாமே

உங்கள் தொடரில் உவமை, உருவகம் தொடங்கி வாதம், சான்று, மறுப்பு வரை மாணவர்களுக்கான சொற்களை வரையறையோடு தந்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் வரையறையை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக வகுப்பறையில் பார்த்து வருகிறேன்.

'மலர்முகம்' (மலர் போன்ற முகம்) உவமை, 'முகமலர்' (முகமாகிய மலர்) உருவகம். இந்த இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினாலே போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாதத்துக்கோ சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான் பாண்டியன். அது பொதுவான நியாயம். அதைக் கண்ணகி மறுக்கவே இல்லை. கோவலன் கள்வனா என்பதுதான் அவள் கேள்வி. என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொல்கிறான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை அவள் உடைத்ததும் தெறிப்பது மாணிக்கம். கூற்று, எதிர்த்தரப்பின் ஒப்புதல், கண்ணெதிரே சான்று, எல்லாம் சில வரிகளுக்குள்! அவள் கண்ணீரும் விரிந்த கூந்தலும் அவையை உலுக்கியிருக்கும், உண்மைதான். ஆனால் வழக்கை வென்றது பரல். உணர்ச்சிக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் காட்சியை வைத்துக் கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அடுத்த பகுதியில் தற்குறிப்பேற்ற அணியையும் சேருங்கள்; இயல்பாக நடப்பதன் மேல் புலவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது அது. காற்றில் இயல்பாக அசைந்த மதுரைக் கோட்டைக் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுத்ததாக வரும் இடம் ஒன்றே போதும்.